வர்க்கிக் கடைக்கு ஃபோம் போர்டு: ஒன்று பறந்தது, ஒன்று நிற்கிறது

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில், அரவேனு பக்கம் ஒரு வளைவு முடிகிற இடத்தில் என் அத்தையின் கடை இருக்கிறது. வர்க்கி (நீலகிரியின் மொறுமொறுப்பான அடுக்கு பிஸ்கட்), டீ, தேயிலைத் தூள், சீசனில் கொஞ்சம் கேரட், பீட்ரூட். பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் தகரச் சாய்ப்பு, அவ்வளவுதான் கடை. மேலிருந்து இறங்கி வருகிற வண்டிக்கு வளைவைத் திரும்பிய பிறகுதான் அது கண்ணில் படும். "வர்க்கி இருக்கு, நிறுத்துங்க" என்று பின் சீட்டிலிருந்து யாராவது சொல்லி, டிரைவர் பிரேக் மிதிப்பதற்குள் கடை பின்னால் போயிருக்கும். சிலர் அப்படியே ரிவர்ஸ் எடுப்பார்கள். மலைச் சாலையில் வளைவுக்குப் பக்கத்தில் ரிவர்ஸ் எடுப்பது எப்படிப்பட்ட காரியம் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை கீழிருந்து ஏறி வந்த பஸ் நூலிழையில் தப்பியதை அத்தையே பார்த்திருக்கிறார்.

"ஏங்கண்ணு, நீதான் எழுத்து வேலையெல்லாம் செய்யறியே, பெருசா ஒரு போர்டு செஞ்சு குடேன். தூரத்துலயே தெரிஞ்சுட்டா மெதுவா வந்து நிறுத்துவாங்கல்ல" என்றார். நான் டி.டி.பி. கடை வைத்திருப்பவன், பத்திரிகை அடிப்பேன், ஃபிளெக்ஸ் டிசைன் செய்து கொடுப்பேன். கையால் போர்டு செய்ததில்லை. 2023 மார்ச்சில் ஒன்று செய்தேன், ஜூன் கடைசியில் அது காற்றில் போனது. ஆகஸ்டில் இன்னொன்று செய்தேன், அது இன்னும் நிற்கிறது. முதலாவது ஏன் போனது, இரண்டாவதில் எதை மாற்றினேன் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். மலையில் சின்னக் கடை வைத்திருக்கும் யாராவது இதே வேலையில் இறங்கினால் என் முதல் நான்கு மாதம் அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

ஏன் ஃபோம் என்று கேட்பீர்கள். லைட் வைத்த உலோக எழுத்துக்கு 22,000 ரூபாய் கேட்டார்கள். அது அத்தைக்குக் கட்டுப்படியாகாது. ஃபிளெக்ஸ் ஏற்கெனவே இரண்டு முறை வைத்துக் கிழிந்திருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்கவில்லை. தகரத்தில் பெயின்ட் அடிக்கலாம், அது நல்ல வழிதான், ஆனால் தட்டையாக இருக்கும். புடைத்து நிற்கிற எழுத்துக்குப் பக்கவாட்டில் வெயில் விழும்போது ஒரு நிழல் கிடைக்கும், அந்த நிழல்தான் தூரத்திலிருந்து எழுத்தை எடுத்துக் காட்டும். காலையில் வெயில் சாய்வாக அடிக்கிற இந்த வளைவில் அது வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கையால் வெட்டி, வீட்டிலேயே, ஒரு ஆள் தூக்கி மாட்டுகிற கனத்தில் புடைப்பெழுத்து வேண்டும் என்றால் ஃபோம்தான்.

எழுத்தின் அளவு

இதை நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன், அதில் தப்பு வரவில்லை. வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிறது என்றால் நொடிக்கு 11 மீட்டர். பார்த்து, படித்து, வேண்டும் என்று முடிவு செய்து, வேகம் குறைக்க நான்கு நொடியாவது வேண்டும். அப்படியானால் கிட்டத்தட்ட 45 மீட்டருக்கு முன்பே, அதாவது 150 அடியிலேயே எழுத்து தெரிய வேண்டும். நெடுஞ்சாலைப் பலகைகளில் ஓர் அங்குல உயர ஆங்கில எழுத்துக்கு 30 அடி என்று ஒரு கணக்கு வைப்பார்கள். தமிழுக்கு அது போதாது. 'க்கி' என்பதில் எத்தனை வளைவு, எத்தனை சின்ன இடைவெளி பாருங்கள், தூரத்தில் அந்த இடைவெளிகள் முதலில் அடைந்துகொள்ளும். அதனால் அங்குலத்துக்கு 20 அடி என்று வைத்துக்கொண்டேன். 150 அடிக்கு ஏழரை அங்குலம் வருகிறது, ரவுண்டாக 20 சென்டிமீட்டர்.

ஒரே ஒரு சொல்: வர்க்கி. கடை பெயர், அம்மன் படம், 'எங்களிடம் கிடைக்கும்' எதுவும் வேண்டாம் என்று அத்தையிடம் சொன்னேன். நான்கு நொடியில் ஒரு சொல்லைத்தான் படிக்க முடியும். அதற்குக் கீழே அதையே ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக வர வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் 20 சென்டிமீட்டர் என்றால் ஆங்கிலம் 12. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நான்கடிக்கு இரண்டடிப் பலகையில் சரியாக உட்கார்ந்தது. கடையின் பக்கச் சுவர் வளைவைப் பார்த்து நிற்கிறது, அந்தச் சுவரில் இரண்டு இரும்பு ஆங்கிளை நட்டு, கூரைக்கு மேலே தூக்கி வைத்தால் டேப் பிடித்து அளந்த 45 மீட்டரில் தெளிவாகத் தெரிந்தது. அட்டையில் மாதிரி எழுதி, மாமாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நான் மேலே நடந்து போய்ப் பார்த்தேன். யார் போர்டு செய்தாலும் இந்த அட்டை மாதிரியை விட்டுவிட வேண்டாம், பத்து ரூபாய் செலவுதான்.

முதல் போர்டு

தெர்மாகோலில் செய்தேன். ஸ்டேஷனரிக் கடையில் கிடைப்பது ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் தாள், நமக்கு வேண்டியது அதைவிடப் பெரிது. அதனால் 25 மில்லிமீட்டர் தாள்களை இரண்டு அடுக்காக, மேலடுக்கு இணைப்பும் கீழடுக்கு இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் மாற்றி மாற்றி வைத்து ஒட்டத் திட்டம்.

முதலில் கையில் கிடைத்த மஞ்சள் ரப்பர் பசையைத் தடவினேன். தடவிய இடம் கண் முன்னாலேயே உள்ளே போனது. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன், அதில் 98 சதவீதம் காற்றுதான், சுவர்கள் அவ்வளவு மெல்லிசு. அந்தப் பசையில் இருக்கும் டொலுவீன் மாதிரியான கரைப்பான் பட்டால் அப்படியே கரையும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன், ஸ்ப்ரே பெயின்ட் எல்லாமே இதைத்தான் செய்யும். சரி என்று தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசைக்கு மாறினேன். அது தண்ணீரில் ஆனது, ஃபோமைத் தின்னாது. நன்றாகத் தடவி, மேலே செங்கல் வைத்து இரண்டு நாள் விட்டேன்.

எழுத்தை வெட்டியது ஹேக்ஸா பிளேடால். மணி மணியாக உதிர்ந்து வீடு முழுக்கப் பறந்தது, துணியில் ஒட்டியது, முற்றம் தாண்டித் தேயிலைச் செடிக்குள் போனது. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

பலகைக்கு வெள்ளை எமல்ஷன், எழுத்துக்குச் சிவப்பு. புள்ளிகளைத் தனித்தனி வட்டமாக வெட்டி ஒட்டினேன். மாட்டும்போது இரண்டு ஆங்கிளுக்கும் குறுக்கே ஒரு மர ரீப்பரைக் கட்டி, பலகையின் மேல் விளிம்பில் இரண்டு ஸ்க்ரூ, ஸ்க்ரூவுக்கு அடியில் சின்ன வாஷர். கீழ் விளிம்பு சும்மா தொங்கியது. ஒரு கிலோகூட இல்லாத பலகைக்கு இரண்டு ஸ்க்ரூ தாராளம் என்று நினைத்தேன். மொத்தச் செலவு 780 ரூபாய்.

ஏப்ரல், மே சீசன் முழுக்க வேலை செய்தது. வண்டிகள் முன்கூட்டியே வேகம் குறைத்தன. ஆனால் மூடுபனி இறங்கிய மாலைகளில் பலகை இருக்கிற இடமே தெரியவில்லை, பனியும் வெள்ளை, பலகையும் வெள்ளை. மே கடைசியில் முதல் புள்ளி விழுந்தது, ர்-இன் புள்ளி. போர்டு 'வரக்கி' ஆயிற்று. ஒரு குடும்பம் வண்டியை நிறுத்தி "இது வரகுல செஞ்சதாங்க?" என்று கேட்டு, இல்லை என்றதும் வாங்காமலேயே போனதாக அத்தை சொன்னார். ஆங்கிலத்தில் ஒரு துணுக்கு விழுந்தால் எழுத்துக்குத்தான் காயம். தமிழில் ஒரு புள்ளி விழுந்தால் சொல்லே வேறாகிவிடுகிறது. அதுவும் அந்தப் புள்ளிதான் பலகையிலேயே மிகச் சின்ன, எதோடும் சேராத, காற்று எளிதில் பிடுங்கக்கூடிய துண்டு.

ஜூன் கடைசியில், தென்மேற்குப் பருவக்காற்று வலுத்த ஒரு ராத்திரியில் போர்டு மொத்தமாகப் போனது. காலையில் போய்ப் பார்த்தால் ரீப்பரில் இரண்டு ஸ்க்ரூவும் வாஷரும் அப்படியே இருக்கின்றன, பலகை மட்டும் இல்லை.

உடைந்த துண்டுகள் சொன்னது

கிடைத்ததையெல்லாம் பொறுக்கி வந்து கடை மேஜையில் பரப்பினேன். முதல் விஷயம், ஃபோம் உடைந்த இடங்கள் குறைவு. பெரும்பாலும் இரண்டு அடுக்கும் பிரிந்திருந்தன. பிரித்துப் பார்த்தால், ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பசை காய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கிறது, நடுவில் முழுக்க இன்னும் வெள்ளையாக, தயிர் மாதிரி. மூன்று மாதம் ஆகியும் காயவில்லை! யோசித்தால் காரணம் புரிகிறது. வெள்ளைப் பசை தண்ணீர் வெளியேறினால்தான் இறுகும். மரம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், தெர்மாகோல் உறிஞ்சாது. இரண்டு பெரிய தெர்மாகோல் முகங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பசைக்கு மூச்சு விட ஓரம் மட்டும்தான் வழி, அந்த ஓரத்திலும் இங்கே பாதி நாள் ஈரக்காற்று. காய்ந்த பகுதியும் தண்ணீர் பட்டால் இளகும் ரகம். ஆக, நான் ஒட்டவே இல்லை, ஓரத்தில் மட்டும் முத்திரை குத்தி வைத்திருந்தேன்.

இரண்டாவது, ஸ்க்ரூ. இதில்தான் என் யோசனையே தலைகீழாக இருந்தது. எடை குறைவு, அதனால் பிடிமானம் குறைவாகப் போதும் என்று நினைத்தேன். பலகை கீழே விழாமல் பார்க்கத்தான் ஏற்பாடு செய்தேனே தவிர, பறக்காமல் பார்க்க எந்த ஏற்பாடும் செய்யவில்லை. காற்றின் அழுத்தத்துக்கு இந்தியத் தரநிலையில் ஒரு சுலபமான சூத்திரம் உண்டு. காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று என்றால் நொடிக்கு 20 மீட்டர், அழுத்தம் 240 நியூட்டன், ஏறக்குறைய 24 கிலோ. நான்கடிக்கு இரண்டடி என்பது முக்கால் சதுர மீட்டர். அப்படியானால் ஒரு கிலோகூட இல்லாத பலகையை 18 கிலோ விசை பிடித்துத் தள்ளுகிறது, அதுவும் விட்டு விட்டு, முன்னும் பின்னும்.

அந்த 18 கிலோவை எது தாங்க வேண்டும்? இரண்டு வாஷர். 12 மில்லிமீட்டர் வாஷரின் பரப்பு, நடு ஓட்டையைக் கழித்தால், ஒரு சதுர சென்டிமீட்டர். சாதாரண பேக்கிங் தெர்மாகோல் அத்தனை சின்ன இடத்தில் முக்கால் கிலோ அழுத்தினாலே நசுங்க ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை கிலோ. காற்று கேட்டது 18. ஸ்க்ரூ கழலவில்லை, வாஷர் கழலவில்லை, வெண்ணெயில் விரல் போவது மாதிரி வாஷர் ஃபோமுக்குள் போய் மறுபக்கம் வந்திருக்கிறது. கீழ் விளிம்பைக் கட்டாமல் விட்டதால் பலகை கதவு மாதிரி ஆடியிருக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓட்டை பெரிதாகியிருக்கும்.

மூன்றாவது, வெயில். பெயின்ட் மெல்லிசாகப் பட்ட ஓரங்கள் மஞ்சளாகி, தேய்த்தால் மாவாக வந்தன. பாலிஸ்டைரீனுக்குப் புற ஊதாக் கதிர் ஆகாது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும் என்பார்கள், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். குளிருகிறதே, வெயில் என்ன செய்துவிடப்போகிறது என்று இங்கே எல்லோரும் ஏமாறுவோம்.

ஒன்று கவனித்தேன். மழைத் தண்ணீர் ஃபோமை ஒன்றுமே செய்யவில்லை. நான் பயந்தது மழைக்கு. போனது பசையில், பிடிமானத்தில், ஓரத்தில்.

ஓடையில் கிடந்தது

போர்டு உடைந்ததைவிட எனக்கு வலித்தது வேறு. கடைக்குக் கீழே சாலையோரக் கல்வெர்ட், அதன் வழியாக ஒரு சின்ன ஓடை தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்குகிறது. அந்த ஓடையில் வெள்ளை மணிகள். கல்லிடுக்கில், புல்லில், தேங்கிய தண்ணீரின் மேலே நுரை மாதிரி. இரண்டு நாள் வடிகட்டியை வைத்துக்கொண்டு நானும் மாமாவும் அள்ளினோம். முக்கால்வாசி எடுத்திருப்போம், மீதி போய்விட்டது. அது மட்கப்போவதில்லை, எங்கேயோ ஒரு மீன் வாயிலோ பறவை வாயிலோ போகும்.

நீலகிரியில் பிளாஸ்டிக் விஷயத்தில் மற்ற ஊர்களுக்கு முன்பே கெடுபிடி உண்டு, தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைப்பதை வருகிறவர்களே பார்த்திருப்பார்கள். நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் அலங்காரத்துக்கான தெர்மாகோலும், 100 மைக்ரானுக்குக் குறைவான பி.வி.சி. பேனரும் இருக்கின்றன. கடைப் பலகை அலங்காரமா இல்லையா என்று யாராவது வாதாடலாம். அந்த ஓடையில் குனிந்து நின்ற பிறகு எனக்கு அந்த வாதத்தில் விருப்பமில்லை. மணி மணியாக உதிர்கிற தெர்மாகோலை இந்த மலையில் வெட்டவெளியில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். வைத்தே ஆக வேண்டிய ஃபோம் எதுவோ அது உதிராததாக, முழுக்கத் தோல் மூடியதாக, பறந்து போகாததாக இருக்க வேண்டும்.

இரண்டாவது போர்டு

சன்போர்டு என்று கடைகளில் கிடைக்கும் பி.வி.சி. ஃபோம் பலகையை யோசித்தேன். எட்டுக்கு நான்கு அடியில் வரும், வெட்ட எளிது, உதிராது. தட்டையான போர்டு போதும் என்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் எனக்கு வேண்டிய புடைப்புக்கு அடுக்கி ஒட்டிக் கனமாகும். கடைசியில் கோயம்புத்தூர் போய், கூரை வெப்பத் தடுப்புக்கு விற்கிற எக்ஸ்.பி.எஸ். பலகை வாங்கினேன். இதுவும் பாலிஸ்டைரீன்தான், ஆனால் மணிகளை ஊதிச் சேர்த்தது இல்லை, உருக்கி அச்சில் தள்ளி எடுத்தது. அதனால் மணியே கிடையாது, அறைகள் மூடியிருக்கும், அழுத்தமும் மூன்று மடங்கு தாங்கும். நான்கடிக்கு இரண்டடியில் 50 மில்லிமீட்டர் பலகை ஒரே துண்டாகக் கிடைத்தது, இணைப்பே வேண்டாம், பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்தது. எழுத்துக்கு 25 மில்லிமீட்டர்.

வெட்டுவதற்குச் சூட்டுக் கம்பி. பழைய ஹீட்டர் காயிலில் இருந்து நிக்ரோம் கம்பி எடுத்து, மர வில்லில் 40 சென்டிமீட்டர் கட்டி, ஒரு முனையில் ஸ்பிரிங் போட்டேன். சூடானால் கம்பி நீளும், ஸ்பிரிங் இல்லாவிட்டால் தொய்ந்து வெட்டு வளைந்துவிடும். 12 வோல்ட் அடாப்டரில் போட்டால் இருட்டில் கம்பி லேசாகச் சிவந்தது, ஃபோம் புகைந்தது. சிவக்கவே கூடாது. 6 வோல்ட்டுக்கு இறக்கியதும் வெண்ணெய் வெட்டுவது மாதிரி போனது, ஒரு துகள் உதிரவில்லை. இதை வீட்டுக் கரண்டில் நேராகச் சொருகிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அது ஆளைக் கொல்லும். திறந்தவெளியில், காற்று நம்மிடமிருந்து விலகிப் போகிற பக்கமாக உட்கார்ந்து வெட்டுங்கள், அந்தப் புகையில் ஸ்டைரீன் இருக்கிறது. வேலை நடக்கும்போது அத்தை வீட்டுக் குழந்தைகளைக் கிட்டே விடவில்லை.

எழுத்தைக் கணினியில் பெரிதாக்கி, ஏ4 தாள்களில் பிரித்து அச்சடித்து, ஒட்டி, அட்டையில் மாற்றி, அந்த அட்டையை ஃபோமின் இருபுறமும் குண்டூசியால் குத்தினேன். கம்பி இரண்டு அட்டையின் ஓரத்தையும் உரசிக்கொண்டே போனால் வெட்டு செங்குத்தாக வரும். வ-வுக்குள், க-வுக்குள் இருக்கும் மூடிய வட்டங்களுக்கு, கம்பியை ஒரு முனையில் கழற்றி, ஓட்டை போட்டு உள்ளே விட்டு, மறுபடி மாட்டி வெட்ட வேண்டும். பொறுமை வேண்டும், அவசரப்பட்டு வெளியிலிருந்து கீறிக்கொண்டு உள்ளே போனால் அந்தக் கீறல்தான் பின்னால் விரிசல். எழுத்துருவில் கோடு தடிமனானதாக எடுத்தேன், மிக மெல்லிய இடமும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல். கி-யின் மேல்சுழி மெலிந்துகொண்டே போய் முடிகிற எழுத்துருக்கள் தாளில் அழகு, ஃபோமில் ஒடிந்துவிடும்.

புள்ளிக்கு ஒரு வழி செய்தேன், இதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். புள்ளியைத் தனியாக வெட்டவில்லை. எழுத்தின் தலையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் அகலக் கழுத்து ஒன்று வைத்து, புள்ளியும் எழுத்தும் ஒரே துண்டாக வெட்டினேன். பிறகு அந்தக் கழுத்துக்கு மட்டும் பலகையின் நிறத்தையே அடித்தேன். பத்தடியில் நின்றால் கழுத்து தெரியும், சாலையிலிருந்து பார்த்தால் புள்ளி அந்தரத்தில் நிற்பது போலத்தான் தெரிகிறது.

அடுத்தது தோல். எக்ஸ்.பி.எஸ். மேல்பரப்பு வழவழப்பு, எதுவும் ஒட்டாது, அதனால் உப்புத்தாள் போட்டு முழுக்கச் சொரசொரப்பாக்கினேன், ஈரத் துணி விரித்து அந்தப் பொடியையும் விடாமல் சேகரித்தேன். வெள்ளை சிமென்ட் புட்டியை, அக்ரிலிக் பாலிமர் கலந்த தண்ணீரில் குழைத்துப் பூசி, ஈரம் இருக்கும்போதே சுவர் விரிசலுக்கு ஒட்டும் கண்ணாடி இழை வலையை அதில் பதித்து, மேலே இன்னொரு பூச்சு. முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம், எங்கும் ஃபோம் வெளியே தெரியக் கூடாது. கீழே சமவெளியில் ஒரு நாளில் காய்கிறது இங்கே ஆகஸ்டில் நான்கு நாள் எடுத்தது. காத்திருந்தேன். அதன் மேல் வெளிச்சுவர் பிரைமர், வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட்.

எழுத்துகளை ஒட்டியது ஃபோமைத் தின்னாத பாலியூரித்தேன் பசையால். இந்தப் பசை இறுகுவதற்கே காற்றில் ஈரம் வேண்டும், அதாவது வெள்ளைப் பசையைக் காயவிடாத அதே மூடுபனி இதற்கு உதவி செய்கிறது. மலைக்கு இது பொருத்தம். எபாக்ஸியும் ஆகும், பாலியெஸ்டர் ரெசின் மட்டும் ஆகாது, அதிலேயே ஸ்டைரீன் இருப்பதால் ஃபோம் கரைந்துவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் மூன்று நான்கு மூங்கில் குச்சிகளைச் சாய்வாகச் செருகிப் பலகைக்குள் இறக்கினேன்.

நிறம், மஞ்சள் பலகையில் அடர் பழுப்பு எழுத்து. பனியில் மஞ்சள் ஒரு கட்டமாகவாவது தெரிகிறது, வெள்ளை அடியோடு மறைந்துபோகும்.

பிடிமானத்தைக் கணக்குப் போட்டே செய்தேன். நான்கு மூலையிலும், விளிம்பிலிருந்து ஐந்து அங்குலம் உள்ளே, பலகையைத் துளைத்துப் போகிற நான்கு போல்ட். ஒவ்வொரு போல்ட்டுக்கும் முன்னும் பின்னும் 50 மில்லிமீட்டர் அகல வாஷர், அதன் பரப்பு ஏறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர். எக்ஸ்.பி.எஸ். அந்தப் பரப்பில் 40 கிலோ தாங்கும், வருகிற பங்கு நாலரை கிலோ. போல்ட் போகிற துளைக்குள் பலகையின் கனத்துக்குச் சரியாக வெட்டிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, அப்போதுதான் நட்டை இறுக்கும்போது ஃபோம் நசுங்காது. சுற்றிலும் அலுமினிய ஆங்கிள் சட்டம், அடிப்பக்கச் சட்டத்தில் தண்ணீர் வடிய மூன்று ஓட்டை. எல்லாம் சேர்ந்து எட்டு கிலோ. செலவு 3,150 ரூபாய், அதில் கோயம்புத்தூர் போய்வந்த பஸ் செலவும் அடக்கம், என் கூலி அடக்கமில்லை.

இப்போது எப்படி இருக்கிறது

மாட்டிப் பதினான்கு மாதம் கழித்து ஏணி போட்டு ஏறி முழுக்கப் பார்த்தேன். நடுவில் ஓர் அக்டோபர், நவம்பர் மழை முழுசாகப் போயிருக்கிறது, கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். ஜூன், ஜூலைக் காற்றும் போயிருக்கிறது. ஆட்டம் இல்லை, நட்டுகள் இறுக்கமாக இருந்தன, புள்ளி இரண்டும் இருக்கின்றன. மேல் இடது மூலையில் மயிரிழை விரிசல் இரண்டு. அந்த மூலையில் வலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விட்டுவிட்டேன், அதுதான் காரணம், இன்னொரு முறை செய்தால் மூலைகளில் இரட்டை வலை. சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் நான் விட்ட இடைவெளி மூன்று மில்லிமீட்டர், அது போதுமாக இருந்தது. அலுமினியமும் பூச்சும் ஃபோமும் வெயிலில் ஒரே அளவு நீளாது, இறுக்கமாகப் போட்டிருந்தால் ஓரம் முழுக்க வெடித்திருக்கும். அடிப்பக்கம் பாசி பிடித்திருந்தது, துடைத்தால் போய்விட்டது. ஒரு வடி ஓட்டையை எறும்பு மண்ணால் அடைத்திருந்தது.

குரங்குகள் உட்காருகின்றன. முதல் போர்டின் ஓரத்தை அவை கடித்திருந்தன, இதில் கடிக்கக் கிடைக்கவில்லை. ராத்திரியில் கரடி வருகிற ஊர் இது, வர்க்கி வாசனைக்குப் பின்கதவைத் தட்டிப் பார்த்த கரடியும் உண்டு, அவ்வளவு உயரத்தில் இருப்பதால் போர்டுப் பக்கம் கரடி எதுவும் போகவில்லை.

வியாபாரம் கூடியதா என்று கேட்டால், சீசன் நன்றாக இருந்ததா போர்டு இழுத்ததா என்று அத்தையால் பிரித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று அத்தை திரும்பத் திரும்பச் சொல்கிறார்: "இப்பல்லாம் யாரும் ரிவர்ஸ் எடுக்கறதே இல்ல கண்ணு." வண்டிகள் வளைவிலேயே இண்டிகேட்டர் போட்டு, கடைக்கு முந்திய அகலமான ஓரத்தில் ஒதுங்குகின்றன. போர்டு கேட்டதே அதற்காகத்தான்.

வெட்டி மிஞ்சிய எக்ஸ்.பி.எஸ். துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், குப்பையில் போட மனசு வரவில்லை. அதில் ஒரு பெரிய துண்டைத்தான் அத்தை இப்போது கேட்கிறார், 'டீ' என்று ஒரே எழுத்து, கீழிருந்து ஏறி வருகிறவர்களுக்கு. அதற்கு முன், அடுத்த மழை வலுப்பதற்குள் அந்த இரண்டு விரிசலையும் கீறித் திறந்து, பூசி, மேல் விளிம்புக்கு இன்னொரு கோட் அடிக்க வேண்டும். டின்னில் கால் லிட்டர் மஞ்சள் மிச்சம் இருக்கிறது, அது போதும்.